எச்சில் சோற்றிலிருந்து அமிலம்: எந்தக் கட்டத்தில் நிறுத்துவது?

2023 ஒக்டோபர் 1ஆம் திகதி, ஒருமுறை பாவித்து எறியும் பிளாஸ்டிக் தட்டு, கரண்டி, உறிஞ்சுகுழாய், இடியப்பத் தட்டு போன்றவற்றுக்கு இலங்கையில் தடை வந்தது. ‘உக்கக்கூடியது’ என்று அச்சிட்ட கோப்பையும் தட்டும் இப்போது கடைகளில் கண்ணில் படுகின்றன. கூடவே, அந்த மாதிரிப் பிளாஸ்டிக்கை உணவுக் கழிவிலிருந்தே செய்யலாம், கழிவைப் புளிக்கவைத்து விலைபோகும் அமிலங்களை எடுக்கலாம் என்ற செய்திகளும் வருகின்றன. வாசிக்கிறவருக்குக் குழப்பம் வருவது இயல்பு. குப்பை புளித்தால் நாறும். அதிலிருந்து எப்படிக் கோப்பை வரும்? பசளை போடுவதும் சமையல் வாயு எடுப்பதும் இதுவும் ஒன்றுதானா? ஒரு போத்தல் நுண்ணங்கித் திரவம் வாங்கி ஊற்றினால் காரியம் முடிந்துவிடுமா?

கடைசிக் கேள்விக்கு விடையை முதலே சொல்லிவிடலாம்: முடியாது. வேண்டிய பற்றீரியா பெரும்பாலும் அந்தக் கழிவிலேயே இருக்கிறது. இல்லாதது, அவற்றைச் சரியான இடத்தில் மறித்து நிறுத்தும் ஏற்பாடு. இந்தத் தொழில்நுட்பத்தின் முழு வித்தையும் அந்த மறிப்பில்தான் இருக்கிறது. அதை விளங்கிக்கொள்ள முதலில் சில அடிப்படைகள்.

மூன்று வழிகள், மூன்று விளைவுகள்

உணவுக் கழிவை நுண்ணங்கிகளிடம் ஒப்படைப்பதற்கு மூன்று வழிகள் உண்டு.

1. காற்றோட்டத்துடன் உக்கவிடுவது. இதில் பசளை வரும். கழிவிலுள்ள காபனின் பெரும்பகுதி காபனீரொட்சைட்டாகக் காற்றோடு போய்விடும்.

2. காற்றே புகாமல் மூடி, கடைசிக் கட்டம்வரை விடுவது. இதில் மெதேன் வரும். சாணியிலிருந்து எடுக்கும் சமையல் வாயு, சாணி வாயு என்று நாம் சொல்வது இதைத்தான்.

3. காற்றுப் புகாமல் மூடி, ஆனால் பாதி வழியில் நிறுத்துவது. இதில் அமிலம் வரும்.

இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே பாதை. இறங்கும் தரிப்பிடம்தான் வேறு.

ஒரு வாளிக்குள் மூன்று நாள்

கலியாண வீடு முடிந்தபின் மிஞ்சிய சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, தேங்காய்ப்பூச் சக்கை, வாழைப்பழத் தோல் எல்லாவற்றையும் ஒரு வாளியில் கொட்டி மூடிவைத்தால் என்ன நடக்கும்?

முதல் சில மணித்தியாலங்களில் வாளிக்குள் இருக்கும் கொஞ்ச ஒட்சிசனை அங்குள்ள நுண்ணங்கிகள் குடித்துத் தீர்த்துவிடும். பிறகு, ஒட்சிசன் இல்லாமலே வாழத் தெரிந்தவற்றின் நேரம். அடுத்த நாள் காலையில் மூடியைத் திறந்தால் வருவது அழுகல் நாற்றமல்ல. தோசை மா பொங்கியபோது வரும் அதே புளிப்பு வாசம். ஓரங்களில் சிறு குமிழிகள் இருக்கும். சோறு இளகியிருக்கும், மேலே மங்கலான தண்ணீர் நிற்கும்.

தோசை மாவோடு ஒப்பிடுவது வெறும் உவமை அல்ல. அரைத்த உளுந்தையும் அரிசியையும் பொங்கவைப்பது லியூக்கோனொஸ்டொக் மெசென்ரரொயிடிஸ் என்ற பற்றீரியா. அது இலற்றிக் அமிலமும் காபனீரொட்சைட்டும் உண்டாக்குகிறது. வாயுவால் மா எழும்புகிறது, அமிலத்தால் புளிக்கிறது. அந்தக் குடும்பத்தின் உறவினர்கள்தான் வாளிக்குள்ளும் முதலில் தலையெடுக்கின்றன. சர்க்கரையும் மாப்பொருளும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது இலற்றிக் பற்றீரியாவை வேகத்தில் வெல்வது கடினம். அரை மணித்தியாலத்துக்கும் ஒரு மணித்தியாலத்துக்கும் இடையில் இரட்டிப்பாகக்கூடியவை அவை.

ஆனால் அவை தம் அமிலத்தில் தாமே மூழ்கும். புளிப்பை அளக்கும் பிஎச் பெறுமானம் (7 நடுநிலை, குறையக் குறையப் புளிப்புக் கூடும்) 4ஐ அண்டி வந்ததும் மற்றப் பற்றீரியாக்கள் அடங்கும், 3.5 அளவில் இலற்றிக் பற்றீரியாவும் களைத்துவிடும். அங்கே வாளி ஒருவகை ஊறுகாயாகி அப்படியே நிற்கும். பழஞ்சோறு ஒரு இரவில் கெட்டுவிடாமல் புளித்து நிற்பதும் இதே காரணத்தால்தான்.

வாளிக்குள் அமிலத்தை உறிஞ்சும் ஏதாவது இருந்தால் கதை மாறும். மீன் தலையோ, எலும்போ, அடுப்புச் சாம்பலோ விழுந்திருந்தால் பிஎச் அவ்வளவு கீழே போகாது. அப்போது அடுத்த கூட்டம் வரும். மூன்றாம் நான்காம் நாள் மூடியைத் திறந்தால் புளிப்பு வாசம் போய், காறிப்போன நெய்யின் வாடை முகத்தில் அடிக்கும். அது பியூற்றிரிக் அமிலம். இலற்றிக் அமிலத்தையே தின்று அதைப் பியூற்றிரிக்காக மாற்றும் பற்றீரியாக்கள் உண்டு. செம்மறியாட்டின் வயிற்றிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட மெகாஸ்பேரா எல்ஸ்டேனி அவற்றில் ஒன்று. ஆகவே இலற்றிக் அமிலம் ஒரு முடிவிடமல்ல, தங்குமடம். நேரத்துக்கு எடுக்காவிட்டால் இன்னொன்று அதைச் சாப்பிட்டுவிடும்.

ஏன் ‘கூட்டம்’ என்கிறோம்

ஒரு பற்றீரியா தனியாக இந்த வேலையைச் செய்வதில்லை. ஒன்றின் கழிவு அடுத்ததன் உணவு. விஞ்ஞானிகள் இதை நான்கு கட்டங்களாகப் பிரிப்பார்கள்.

1. உடைத்தல். மாப்பொருள், புரதம், கொழுப்பு, செலுலோசு ஆகிய பெரிய மூலக்கூறுகளை நொதியங்களால் வெட்டிச் சர்க்கரை, அமினோ அமிலம், கொழுப்பமிலம் ஆக்குவது. சோறு சுலபமாக உடையும். தேங்காய்ச் சக்கையும் வாழைத்தண்டும் மெல்லத்தான்.

2. அமிலமாக்கல். அந்தச் சிறு துண்டுகளை இலற்றிக், அசற்றிக், புரோபியோனிக், பியூற்றிரிக் அமிலங்களாகவும், மதுசாரமாகவும், ஐதரசனாகவும் மாற்றுவது.

3. அசற்றிக் ஆக்கல். புரோபியோனிக், பியூற்றிரிக் போன்றவற்றை மேலும் உடைத்து அசற்றிக் அமிலமும் ஐதரசனும் ஆக்குவது.

4. மெதேன் ஆக்கல். அசற்றிக் அமிலத்தையும் ஐதரசனையும் மெதேனாக்குவது.

நான்காம் கட்டத்தைச் செய்பவை பற்றீரியாவே அல்ல. தோற்றத்தில் பற்றீரியா போல இருந்தாலும் அவை ஆக்கியா என்ற தனிப் பிரிவு. 1977இல் கார்ல் வூஸ், ஜோர்ஜ் பொக்ஸ் ஆகியோர் மரபணு ஒப்பீட்டின் மூலம் இந்தப் பிரிவினையைக் காட்டினார்கள். வேறு வம்சம் என்பதால் பலவீனங்களும் வேறு: புளிப்புத் தாங்காது, மெதுவாகவே பெருகும். இந்த இரண்டு பலவீனங்களும் நமக்குப் பின்னால் கைகொடுக்கும்.

மூன்றாம் கட்டத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. பியூற்றிரிக் அமிலத்தை உடைக்கும் பற்றீரியாவுக்கு அந்த வேலையால் சக்தி கிடைக்கவேண்டுமானால், சுற்றியுள்ள ஐதரசன் மிகக் குறைவாக இருக்கவேண்டும். காற்றமுக்கத்தின் ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு. அந்த ஐதரசனை உடனுக்குடன் தின்று தீர்ப்பவை மெதேன் ஆக்கிகள். அவற்றை நிறுத்தினால் ஐதரசன் தேங்கும், தேங்கினால் மூன்றாம் கட்டமும் நின்றுவிடும். ஒரு கண்ணியை அறுத்தால் அதற்கு முன்னிருக்கும் கண்ணியும் தளர்கிறது. அமிலங்கள் போக வழியில்லாமல் தொட்டியில் சேரும். சமையல் வாயுத் தொட்டி வைத்திருப்பவர் ‘தொட்டி புளிச்சுப்போச்சு’ என்று தலையில் கைவைக்கும் விபத்து இது. அமிலம் எடுக்க நினைப்பவருக்கோ அதுதான் விளைச்சல்.

180 கிராம் கணக்கு

ஏன் மெதேன்வரை போகாமல் நடுவில் நிறுத்தவேண்டும்? பாடசாலை இரசாயனமே விடை சொல்லும். 180 கிராம் குளுக்கோசை எடுத்துக்கொள்வோம். ஏட்டுக் கணக்கின்படி:

- இலற்றிக் அமிலமாகப் போனால், 180 கிராமும் இலற்றிக் அமிலமாகவே கிடைக்கும். எதுவும் வாயுவாகப் போகாது.
- பியூற்றிரிக் அமிலமாகப் போனால், 88 கிராம் அமிலம். மிச்சம் காபனீரொட்சைட்டும் 4 கிராம் ஐதரசனும்.
- மெதேன்வரை போனால், 48 கிராம் மெதேன். மிச்சம் 132 கிராம் காபனீரொட்சைட்டு.

மெதேனைப் பெரும்பாலும் எரிக்கத்தான் பாவிக்கிறோம். இலற்றிக் அமிலத்தை உணவில் சேர்க்கலாம், பிளாஸ்டிக் ஆக்கலாம், தோல் பதனிடலாம். நுண்ணங்கிகளும் தம் வாழ்வுக்கு ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும் என்பதால் நடைமுறையில் இந்த எண்கள் குறையும். ஆனாலும் பாதையில் முன்னால் இறங்க இறங்கக் கைக்கு வரும் எடை கூடுகிறது என்பது மாறாது.

கள்ளு முட்டியும் சுண்ணாம்பும்

நிறுத்தும் வித்தை யாழ்ப்பாணத்துக்குப் புதிதல்ல. பனையில் கட்டும் முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசினால் இறங்குவது கருப்பநீர். பூசாமல் விட்டால் கள்ளு. பாளை அதே பாளை, சாறும் அதே சாறு, காற்றில் மிதந்துவரும் மதுவமும் பற்றீரியாவும் அவையே. ஒரு கைச் சுண்ணாம்பு பிஎச் பெறுமானத்தை உயர்த்துவதால் அவற்றால் தொழில்பட முடிவதில்லை, சர்க்கரை சர்க்கரையாகவே நிற்கிறது, பனங்கட்டி காய்ச்ச முடிகிறது. இந்த நுண்ணங்கி நல்லது, அது கெட்டது என்று சீவல்காரர் தெரிவு செய்வதில்லை. அவர் சூழலை மாற்றுகிறார். யார் பிழைப்பது என்பதைச் சூழல் முடிவு செய்கிறது.

அமிலத் தொட்டியிலும் அதே சுண்ணாம்புதான் பெரும்பாலும் பாவிக்கிறார்கள். ஆனால் அங்கே அதன் வேலை நேரெதிர்! முட்டியில் சுண்ணாம்பு நுண்ணங்கிகளை நிறுத்துகிறது. தொட்டியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கும் சுண்ணாம்பு, தம் அமிலத்தில் தாமே சாகாமல் அவற்றைத் தொடர்ந்து வேலைசெய்ய வைக்கிறது. அமிலம் எப்படிக் கொல்கிறது என்று பார்த்தால் இது விளங்கும். கரைசல் நன்றாகப் புளித்திருக்கும்போது அமில மூலக்கூறு ஏற்றமில்லாமல் முழுசாக இருக்கும். அந்த வடிவத்தில் அது கலத்தின் மென்சவ்வைத் தாண்டி உள்ளே போய்விடும். உள்ளே போனதும் பிரிந்து புளிப்பை அவிழ்த்துவிடும். பற்றீரியா அந்தப் புளிப்பை வெளியே தள்ளித் தள்ளியே சக்தியைச் செலவழித்துத் தீர்ந்துபோகும். சுண்ணாம்பு போட்டுப் பிஎச் 5, 6 என்று வைத்திருந்தால் அமிலத்தின் பெரும்பகுதி ஏற்றம் பெற்ற வடிவில் வெளியிலேயே நிற்கும். பற்றீரியா மேலும் மேலும் அமிலம் செய்யும்.

கூட்டத்தை வழிநடத்தும் பிடிகள்

பிஎச் தவிர வேறு பிடிகளும் உண்டு. ஒவ்வொன்றும் யாரை உள்ளே விடுவது, யாரை வெளியே நிறுத்துவது என்பதைத் தீர்மானிக்கிறது.

1. பிஎச். எதுவும் செய்யாமல் விட்டால் 4ஐ அண்டி இலற்றிக் அமிலம். 5க்கும் 6க்கும் இடையில் பிடித்துவைத்தால் பியூற்றிரிக்கும் அசற்றிக்கும் ஓங்கும். 7ஐ அண்டினால் மெதேன் ஆக்கிகள் எட்டிப்பார்க்கும். கழிவின் வகையைப் பொறுத்து எல்லைகள் நகரும், இவை கல்வெட்டல்ல.

2. தங்கும் காலம். தொட்டியில் ஒரு பக்கம் கழிவு ஊற்ற மறுபக்கம் திரவம் வெளியேறுகிறது என்று வையுங்கள். உள்ளே தங்கும் காலத்துக்குள் இரட்டிப்பாக முடியாத நுண்ணங்கி கழுவுப்பட்டுப் போய்விடும். அசற்றிக் அமிலத்தைத் தின்னும் சில மெதேன் ஆக்கிகள் இரட்டிப்பாக நாட்கணக்கில் எடுக்கும். இரண்டு மூன்று நாளில் தொட்டியில் உள்ளதை மாற்றிவிட்டால் அவற்றுக்குத் தலைமுறையே இல்லை.

3. வெப்பம். யாழ்ப்பாணத்தின் சாதாரண வெப்பத்தில், ஏறத்தாழ 30 பாகையில், பலதரப்பட்ட கூட்டம் வளரும். 50 பாகைக்கு உயர்த்தினால் பெரும்பாலானவை விழுந்துவிடும். பசிலஸ் கொயாகுலன்ஸ் போன்ற சில நிற்கும். அது அந்தச் சூட்டிலும் இலற்றிக் அமிலம் செய்யும். முழுத் தொட்டியையும் கிருமிநீக்கம் செய்யும் செலவு இதனால் மிச்சம்.

4. வித்து. சமையல் வாயுத் தொட்டியின் சேற்றை எடுத்துக் கொதிக்கவைத்துப் பிறகு பாவிப்பது ஒரு வழக்கம். சூட்டில் மெதேன் ஆக்கிகள் செத்துவிடும். சூட்டைத் தாங்கும் உறைக்குள் ஒடுங்கி வித்தி அமைக்கும் குளொஸ்ரீடியம் என்ற பற்றீரியா இனங்கள் பிழைத்து எழும்பும்.

5. கழிவின் கலவை. சோறும் பழமும் அமிலத்துக்கு நல்லவை. மீனும் இறைச்சியும் உடைந்து அமோனியா தரும். அது பிஎச்சை உயர்த்திப் பாதையைத் திருப்பிவிடும். எண்ணெய் மிதந்து மேலே படலம் கட்டும்.

போத்தலில் விற்கும் நுண்ணங்கித் திரவம் நான்காம் பிடியின் ஒரு பகுதி மட்டுமே. மற்றவை பொருந்தாவிட்டால் ஊற்றிய பற்றீரியா ஒரு கிழமைகூட அங்கே தங்காது. பொருந்தினால், ஊற்றாவிட்டாலும் அதன் உறவினர் கழிவோடு வந்து சேரும்.

ஆய்வுக் கட்டுரைகளைத் தேடி வாசிப்பவருக்கு ஒரு சிறு குறிப்பு: இலற்றிக் பற்றீரியாக்களில் லக்ரோபசிலஸ் என்று நாம் படித்த பெரிய சாதியை 2020இல் 25 சாதிகளாகப் பிரித்துவிட்டார்கள். பழைய கட்டுரையில் லக்ரோபசிலஸ் பிளாண்டாரம் என்றும் புதியதில் லக்ரிபிளாண்டிபசிலஸ் பிளாண்டாரம் என்றும் இருப்பது ஒரே பற்றீரியாதான்.

எந்த அமிலம், எதற்கு

இலற்றிக் அமிலத்தை நீண்ட சங்கிலியாகக் கோத்தால் பொலிஇலற்றிக் அமிலம், சுருக்கமாகப் பிஎல்ஏ. தாவரத்திலிருந்து வந்தது, உக்கக்கூடியது என்று விற்கும் கோப்பைகள் பலவும் இதனால் ஆனவை. அதற்கு வழமையான மூலப்பொருள் சோளமோ கரும்போ. உணவுக் கழிவிலிருந்தும் செய்யலாம் என்பதை 2000களின் தொடக்கத்திலேயே யப்பானில் கிட்டாக்கியூஷூ நகரத்துக் கழிவை வைத்து ஆய்வாளர்கள் செய்து காட்டிவிட்டார்கள்.

ஆனால் கலப்புக் கூட்டத்துக்கு இங்கே ஒரு பெரிய தடை இருக்கிறது. இலற்றிக் அமிலம் இடக்கை வலக்கை போல இரண்டு வடிவங்களில் வரும். எல் என்றும் டி என்றும் பெயர். பலமான பிஎல்ஏ செய்ய ஒரே வடிவம் மிகச் சுத்தமாக வேண்டும். கலந்த கூட்டம் இரண்டையும் கலந்தே தரும். அதிலிருந்து செய்த பிளாஸ்டிக் பளிங்காகி இறுகாது, சீக்கிரம் இளகும். ஆகவே ‘உங்கள் வீட்டுக் குப்பையிலிருந்து கோப்பை’ என்ற தலைப்பைப் பார்த்தால், எல் வடிவம் எத்தனை வீதம் என்று கேளுங்கள். சூட்டுத் தொட்டியில் பசிலஸ் கொயாகுலன்ஸைத் தேடிப்போவதற்கு ஒரு காரணம் இதுதான்: அது எல் வடிவத்தையே தருகிறது.

‘உக்கக்கூடியது’ என்ற சொல்லிலும் ஒரு பொடி உண்டு. பிஎல்ஏ ஒழுங்காக உக்குவதற்கு ஏறத்தாழ 58 பாகைச் சூட்டில் இயங்கும் பெரிய பசளைக் கூடம் வேண்டும். வளவு மூலையில் எறிந்தாலோ கடலில் விட்டாலோ அது அவ்வளவு சீக்கிரம் போகாது. 60 பாகையை அண்டினால் இளகத் தொடங்கும் என்பதால் சாதாரண பிஎல்ஏ கோப்பையில் கொதிக்கும் பிளேன்ரீ ஊற்றவும் முடியாது.

புரோபியோனிக் அமிலத்தின் கல்சியம் உப்பைப் பாணில் பூஞ்சணம் பிடிக்காமலிருக்கச் சேர்ப்பார்கள். அசற்றிக் அமிலம் வினாகிரி. பியூற்றிரிக் அமிலம் கால்நடைத் தீவனத்திலும், நாற்றம் போக மதுசாரத்தோடு சேர்த்து எஸ்தராக்கியபின் பழ வாசனைகளிலும் பயன்படும். காறல் நெய் வாடையிலிருந்து அன்னாசி வாசம் வருவது இரசாயனத்தின் சிறு குறும்பு.

எனக்கு இவற்றில் சுவையானதாகப் படுவது கப்ரோயிக் அமிலம். அதன் பெயர் ஆட்டைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. கடா கட்டிய கொட்டிலுக்குப் பக்கத்தில் நின்றவருக்கு ஏன் என்று சொல்லத் தேவையில்லை. இரண்டு காபன் உள்ள அசற்றிக் அமிலத்தை எடுத்து, மதுசாரத்தின் உதவியோடு நான்கு காபனாக, பிறகு ஆறு காபனாக நீட்டும் பற்றீரியா குளொஸ்ரீடியம் குளுய்வெரி. 1930களிலேயே அது இனங்காணப்பட்டுவிட்டது. மதுசாரத்துக்குப் பதில் இலற்றிக் அமிலத்தையே வைத்து நீட்டும் பற்றீரியாக்கள் சீன மதுபானக் குழிகளின் சேற்றிலிருந்து கிடைத்திருக்கின்றன. இந்த நீட்டலில் இவ்வளவு அக்கறை வருவதற்குக் காரணம் நாற்றமல்ல, கரைதிறன். கப்ரோயிக் அமிலம் ஒரு லீற்றர் தண்ணீரில் ஏறத்தாழ 10 கிராம்தான் கரையும். அதற்குமேல் எண்ணெய்போல மேலே பிரிந்து நிற்கும். அது ஏன் பெரிய விடயம் என்பது அடுத்த பகுதியில்.

கடினமான பாதி: தண்ணீரிலிருந்து பிரிப்பது

ஒரு தொன் உணவுக் கழிவில் பொதுவாக 800 கிலோ அளவு தண்ணீர்தான். மிச்சம் 200 கிலோ உலர்பொருள். அதில் ஐந்தில் ஒரு பங்கு அமிலமாக மாறியது என்று வைத்துக்கொண்டால் கிடைப்பது 40 கிலோ. அதுவும் ஒரு தொன் கலங்கல் திரவத்துக்குள் கரைந்து. ஏறத்தாழ 4 வீதம்.

காய்ச்சி வடித்தால் என்ன? தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். அசற்றிக் அமிலம் 118, பியூற்றிரிக் அமிலம் 163 பாகைக்கு மேல். சாராயம் வடிப்பதுபோல் வேண்டியதை முதலில் எடுக்க முடியாது. வேண்டாத தண்ணீர் முழுவதையும் முதலில் ஆவியாக்கவேண்டும். 40 கிலோ அமிலத்துக்காக முக்கால் தொன் தண்ணீரைக் கொதிக்கவைப்பவர் விறகுக் கணக்கிலேயே கவிழ்ந்துவிடுவார்.

இலற்றிக் அமிலத்துக்குப் பழைய வழி ஒன்று உண்டு. சுண்ணாம்பு சேர்த்துக் கல்சியம் இலற்றேற்றாக்கி, வடித்து, பிறகு சல்பூரிக் அமிலம் விட்டு இலற்றிக் அமிலத்தை விடுவிப்பது. ஒரு கிலோ இலற்றிக் அமிலத்துக்கு ஏறத்தாழ 410 கிராம் நீற்றிய சுண்ணாம்பு போகும். கடைசியில் அந்தக் கல்சியம் முழுவதும் ஜிப்சமாகப் படியும்: ஒரு கிலோ அமிலத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ ஜிப்சம். ஒரு கழிவைத் தீர்க்கப்போய் இன்னொரு கழிவு மலை. மென்சவ்வால் வடிப்பது, மின்னூடுபகுப்பு (மின்னால் இழுத்து மென்சவ்வு வழியே பிரிப்பது) போன்ற புதிய வழிகள் இதைத் தவிர்க்கப் பார்க்கின்றன. அவற்றுக்கு மின்சாரமும், சோற்றுக் கலங்கலால் அடைபடாத வடிகட்டியும் வேண்டும். தானாகவே மேலே மிதக்கும் கப்ரோயிக் அமிலத்தின் மவுசு இப்போது விளங்கியிருக்கும்.

பிரிக்காமலே பாவிப்பதும் ஒரு வழி. கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் நைத்திரேற்றை நைதரசன் வாயுவாக்கும் பற்றீரியாவுக்குக் காபன் உணவு தேவை. அதற்காக வெளியில் மெதனோல் வாங்குவதுண்டு. அமிலக் கலங்கலை வடித்து அப்படியே அங்கே ஊற்றலாம். அதற்குச் சுத்தமும் வேண்டாம், எல் டி பிரச்சினையும் இல்லை.

யாழ்ப்பாணத்தில் இதன் பொருள்

ஐக்கிய நாடுகள் சுற்றாடல் திட்டத்தின் 2024 அறிக்கைப்படி 2022இல் உலகில் 105 கோடி தொன் உணவு வீணானது. அதில் 60 வீதம் வீடுகளிலிருந்து. எல்லாம் கலந்து குவித்தால் என்ன நடக்கும் என்பதை இலங்கை 2017 ஏப்ரல் 14இல், புத்தாண்டு நாளில், மீதொட்டமுல்லவில் பார்த்துவிட்டது. குப்பைமலை சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். நமது குப்பை போகும் கல்லுண்டாய் அந்த உயரமில்லை. ஆனால் அதே கலப்புத்தான்: பொலித்தீனும் சோறும் இளநீர்க் கோம்பையும் ஒன்றாக.

கலந்த குப்பையில் அமிலம் எடுக்க முடியாது என்பது என் முடிவு. தொடங்குவதானால் வீட்டு வாளியிலிருந்து தொடங்கவும் கூடாது. ஒரே மாதிரியான கழிவு ஒரே இடத்தில் நாள்தோறும் சேரும் இடங்கள் வேண்டும். திருநெல்வேலி, மருதனார்மடம், சுன்னாகம் சந்தைகளில் கழிபடும் வாழைப்பழமும் மரக்கறியும் அப்படி. சாப்பாட்டுக் கடைகளின் சோறு அப்படி. குருநகர், பாசையூர் மீன் கழிவையும் அதே தொட்டியில் போட ஆசை வரும். அமோனியாக் கணக்கை நினைத்து வேறாக வைப்பது நல்லது. மீனைத் தனியாக அமிலத்தில் ஊறவைத்துத் தீவனமாக்கும் முறை உலகில் நெடுங்காலமாக இருக்கிறது. பழத் தொட்டியின் அமிலத்தை அதற்கே கொடுக்க முடியுமா என்று இங்குள்ள ஆய்வுகூடங்கள் பார்த்தால் பிரிப்புச் செலவே இல்லாத ஒரு வழி திறக்கலாம்.

சுண்ணாம்பு நம்மூர்ப் பொருள் என்று மகிழ்வதற்கும் முன் ஒன்று. சுண்ணாம்புக்கல் அகழ்வே சர்ச்சையாக இருக்கும் ஊர் இது. மேலே சொன்ன 40 கிலோவும் இலற்றிக் அமிலமாக இருந்தால் ஒரு தொன் கழிவுக்கு 16 கிலோ நீற்றிய சுண்ணாம்பு போகும். நாளொன்றுக்குப் பத்துத் தொன் என்றால் எங்கே தோண்டுவது என்ற கேள்வி வரும்.

தொட்டி கட்டும் இடமும் அதே கல்லின்மேல்தான். குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு இல்லை. குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுக்குள் நிற்கும் தண்ணீர். ஒரு சுண்ணாம்புக்கல் துண்டின்மேல் எலுமிச்சம் புளியைப் பிழிந்துவிட்டால் சின்னதாக நுரைக்கும். கல் கரைகிறது, காபனீரொட்சைட்டு போகிறது. ஒழுகும் அமிலத் தொட்டிக்கு அடியிலும் அதுதான் நடக்கும், ஆனால் கண்ணுக்குத் தெரியாமல், இரவு பகலாக. வெடிப்பு அகலும். கரைந்த கல்சியமும் மிஞ்சிய அமிலமும் கலங்கலின் அமோனியாவும் அந்த வழியே அயல் கிணற்றைத் தேடிப்போகும். மாரியில் தொட்டி நிரம்பி வழிந்தால் ஒழுக்குக்கூடத் தேவையில்லை. ஒழுகாத தளமும், மழைநீர் புகாத கூரையும், வழிந்தால் பிடிக்கச் சுற்றிவரக் கட்டிய வரம்பும் செலவுப் பட்டியலின் முதல் மூன்று வரிகளில் வரவேண்டும். நுண்ணங்கித் திரவத்துக்கு ஒரு வரி வேண்டுமானால் கடைசியில் எழுதிக்கொள்ளலாம்.